மகாவலித் தண்ணீரில் பிட்கொயின் விளையுமா?

பிட்கொயின் விலை ஏறும்போதெல்லாம் மலைநாட்டில் ஒரு யோசனையும் கூடவே தலைதூக்கும். கண்டியைச் சுற்றிக்கொண்டு மகாவலி ஓடுகிறது. ஆற்றின் மேற்பக்கம் கொத்மலை, கீழ்ப்பக்கம் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை என்று வரிசையாக நீர்மின் நிலையங்கள். கொழும்பின் புழுக்கம் இங்கே இல்லை. பேராதனையில் பொறியியலும் கணினியும் படித்து வெளிவரும் பிள்ளைகளுக்கும் குறைவில்லை. பிறகென்ன, நாலைந்து மைனிங் இயந்திரங்களை வரவழைத்து மாட்டினால் வீட்டிலிருந்தபடியே டொலர் வராதா?

கேள்வி நியாயமானதுதான். தண்ணீரும் மலிவான மின்சாரமும் இருக்கும் இடங்களைத் தேடித்தான் இந்தத் தொழில் உலகமெல்லாம் அலைந்திருக்கிறது. சீனாவின் சிச்சுவான், பூட்டான், பராகுவே, எத்தியோப்பியா என்று அது போய்த் தங்கிய இடங்களில் பல, நீர்மின்சாரத்துக்குப் பேர்போனவை. அந்த வரிசையில் கண்டியைச் சேர்க்க முடியுமா என்பதை ஆசையை வைத்துத் தீர்மானிக்க முடியாது. மின் கட்டணம், சட்டம், ஆற்றுத் தண்ணீர் மூன்றையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

முதலில், இந்த இயந்திரங்கள் என்னதான் செய்கின்றன? பிட்கொயினுக்கு மத்திய வங்கி கிடையாது. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்ற கணக்கேடு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரியாகப் பதிந்திருக்கிறது. சுமார் பத்து நிமிடங்களுக்கு ஒரு முறை அந்த ஏட்டில் புதிய பக்கம் ஒன்று சேரும். அந்தப் பக்கத்தைச் சேர்க்கும் உரிமைக்குத்தான் போட்டி. ஒரு நிபந்தனைக்குப் பொருந்தும் விடை கிடைக்கும்வரை இயந்திரங்கள் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். எவரிடம் வேகமான இயந்திரங்கள் அதிகமோ அவருக்கு வாய்ப்பும் அதிகம். மின்சாரத்தைக் கொடுத்து லொத்தர் சீட்டு வாங்குவது போன்ற வேலை இது. ஜெயித்தவருக்கு 3.125 புதிய பிட்கொயின்களும், அந்தப் பக்கத்தில் பதிவாகும் பரிமாற்றங்களின் கட்டணமும் கிடைக்கும். 2009 இல் இந்தப் பரிசு 50 பிட்கொயினாக இருந்தது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை பாதியாகிக்கொண்டே வருகிறது. கடைசியாகப் பாதியானது 2024 ஏப்ரலில். அடுத்தது 2028 இல்.

ஆரம்பத்தில் வீட்டுக் கணினியே இதற்குப் போதுமாக இருந்தது. 2013 அளவில் இந்த ஒரு வேலைக்கென்றே செய்யப்பட்ட சிப்புகள் வந்து சாதாரணக் கணினிகளைப் போட்டியிலிருந்து வெளியேற்றின. கேம் விளையாடும் கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து எத்திரியம் நாணயத்தை எடுக்கும் வழி சில காலம் இருந்தது. 2022 செப்டெம்பர் 15 அன்று எத்திரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டதும் அந்த வாசலும் மூடிவிட்டது. ஆகவே இன்று மைனிங் என்று பேசினால், பெரும்பாலும் பிட்கொயினும் அதற்கான தனி இயந்திரங்களும்தான்.

அப்படிப்பட்ட ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பிட்மெயின் நிறுவனத்தின் அன்ட்மைனர் எஸ்21. சுமார் 40 சென்டிமீற்றர் நீளமுள்ள உலோகப் பெட்டி, எடை 15 கிலோவுக்கு மேல். முன்னால் இரண்டு விசிறிகள், பின்னால் இரண்டு. உள்ளே சிப்புகள் நெருக்கமாகப் பதித்த பலகைகள். விநாடிக்கு 200 இலட்சம் கோடி தடவை (200 டெராஹாஷ்) விடையை முயன்று பார்க்கும். அதற்காக அது எடுக்கும் மின்சாரம் 3,500 வொட். இரவும் பகலும், ஞாயிறும் போயாவும் அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் வருமானமும் நின்றுவிடும்.

இலங்கையில் சாதாரண வீட்டுக்குக் கிடைப்பது 30 அம்பியர் ஒற்றைக்கட்ட இணைப்பு. அதன் முழு வலு ஏறக்குறைய 6,900 வொட். ஆக, இரண்டு பெட்டிகளைச் சேர்த்து ஓடவிட்டால், வேறு ஒரு பல்ப் கூடப் போடாமலேயே வீட்டு இணைப்பின் எல்லை தாண்டிவிடும். உள்ளே போகும் மின்சாரம் அத்தனையும் வெப்பமாகவே வெளியே வருகிறது. மூன்றரை கிலோவொட் ஹீற்றர் ஒன்றை நாள் முழுக்க அறையில் எரியவிட்டால் எவ்வளவு வெக்கையோ அவ்வளவு வெக்கை. கண்டியின் சராசரி வெப்பநிலை 25 பாகை செல்சியஸை ஒட்டியிருப்பது கொஞ்சம் உதவும் என்றாலும், இங்குள்ள ஈரக்காற்றும் தூசியும் மின்பலகைகளுக்கு ஆகாதவை. சத்தம் இன்னொரு பிரச்சினை. ஒரு பெட்டியின் இரைச்சல் 75 டெசிபெல் அளவு. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் நிறைந்த கட்டுகஸ்தோட்டையிலோ கண்டி நகரத்திலோ இதை இரவு முழுவதும் ஓடவிட்டால் பக்கத்து வீட்டார் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இனிப் பணக் கணக்கு. ஓர் எஸ்21 நாளொன்றுக்கு 84 யூனிட் மின்சாரம் தின்னும். 2025 இல் உலகின் மொத்த மைனிங் வலு விநாடிக்கு 1,000 எக்ஸாஹாஷ், அதாவது 100 கோடி டெராஹாஷ், என்ற அளவைத் தொட்டது. அதோடு ஒப்பிட்டால் நம்முடைய ஒரு பெட்டி ஐம்பது இலட்சத்தில் ஒரு பங்கு. உலகம் முழுவதற்குமாக ஒரு நாளில் பிறக்கும் புதிய பிட்கொயின்கள் சுமார் 450. நமது பங்குக்கு வருவது 0.00009. ஒரு பிட்கொயின் ஒரு இலட்சம் டொலர், ஒரு டொலர் 300 ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 9 டொலர், அதாவது 2,700 ரூபாய் கிடைக்கும்.

செலவு? நம் நாட்டில் வீட்டு மின்சாரத்துக்குப் படிமுறைக் கட்டணம். மாதம் 180 யூனிட்டைத் தாண்டினாலே மிக உயர்ந்த படிக்குப் போய்விடுவோம். இந்தப் பெட்டி ஒன்று மட்டும் மாதம் 2,500 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். யூனிட் 50 ரூபாய் என்று கணக்கிட்டாலும் ஒரு நாள் மின்செலவு 4,200 ரூபாய். மாத முடிவில் 45,000 ரூபாய் நட்டம். பெட்டியின் விலை, இறக்குமதிச் செலவு, வயரிங், இணையக் கட்டணம் எதுவும் இதில் சேரவில்லை.

தொழிற்சாலைக் கட்டணம் கிடைத்து யூனிட் 30 ரூபாய்க்கு வந்தால்? நாளுக்கு 180 ரூபாய் மிஞ்சும். மாதம் 5,400. சில ஆயிரம் டொலர் கொடுத்து வாங்கிய இயந்திரத்தின் முதல் அந்த வேகத்தில் திரும்புவதற்குள் இயந்திரமே பழசாகிவிடும். பிட்கொயின் விலை 70,000 டொலருக்கு இறங்கினால் அந்த 180 ரூபாயும் இல்லை. இறங்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 2021 நவம்பரில் 69,000 டொலர் வரை போன பிட்கொயின், ஓராண்டில் 16,000 டொலருக்கும் கீழே விழுந்தது.

பழைய இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது என்று வருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2016 இல் வந்த அன்ட்மைனர் எஸ்9 இன் வேகம் 13.5 டெராஹாஷ், எடுக்கும் மின்சாரம் சுமார் 1,320 வொட். மேலே சொன்ன அதே கணக்கில் அது ஒரு நாளில் சம்பாதிப்பது 182 ரூபாய். 50 ரூபாய் யூனிட்டில் அதற்கு ஆகும் மின்செலவு 1,580 ரூபாய்க்கு மேல். அதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

தனியாளாக ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு போட்டிக்குப் போனால் ஒரு தடவை ஜெயிக்கச் சராசரியாக 95 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதனால்தான் எல்லோரும் பூல் எனப்படும் கூட்டில் சேர்ந்து, கிடைப்பதைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கூட்டுக்கும் கட்டணம் உண்டு.

ஆகக் கண்டியில் ஒரு வீட்டில் மைனிங் செய்து பிழைக்க முடியாது. இதில் விவாதத்துக்கு இடமே இல்லை. ஆனால் வீட்டு மீற்றரை மறந்துவிட்டு ஆற்றையும் ஓடையையும் பார்த்தால் விஷயம் இன்னொரு விதமாகத் தெரியும். மலைநாட்டின் மின்சார வரலாறே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் வணிக ரீதியாகத் தேயிலை பயிரிடத் தொடங்கினார். பின்னர் தோட்டத்துக்குத் தோட்டம் ஸ்டோர் என்று தொழிலாளர்கள் அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலைகள் எழுந்தன. கொழுந்தை வாட்டவும் அரைக்கவும் வறுக்கவும் அவற்றுக்கு இயந்திர வலு தேவைப்பட்டது. நாட்டில் மின்கம்பி வலையமைப்பு இல்லாத காலம். தோட்டங்கள் தங்கள் ஓடைகளை மறித்து, இரும்புக் குழாய் வழியே தண்ணீரை இறக்கி, பிரித்தானியாவிலிருந்து வந்த சிறு சுழலிகளை ஓட்டிச் சொந்தமாக வலுவெடுத்தன. அப்படி நூற்றுக்கணக்கான நிலையங்கள் மலையெங்கும் இயங்கின. தேசிய மின்சாரம் வந்த பிறகு அவற்றில் பல கைவிடப்பட்டன. குழாய்களைப் பதித்ததும் வாய்க்கால்களை வெட்டியதும் அவற்றைப் பராமரித்ததும் தோட்டத் தொழிலாளர்களின் உழைப்பு. அந்த உழைப்பைப் பற்றி மின்சார வரலாறு எழுதுகிறவர்கள் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும்.

பெரிய அளவில் யோசித்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1918 இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் நீர்மின்சாரத்தின் பொருளாதாரம் பற்றி அவர் வாசித்த கட்டுரைதான் நாட்டின் நீர்மின் திட்டங்களுக்கு வித்து. இலக்சபான நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. மகாவலிப் பக்கம் 1976 இல் கண்டிக்கு அருகே பொல்கொல்ல அணைக்கட்டு முடிந்து, ஆற்று நீரின் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வழியாக உக்குவளை மின் நிலையத்துக்கும் அங்கிருந்து வடமத்திய வயல்களுக்கும் திரும்பியது. பிரித்தானிய உதவியுடன் எழுந்த விக்டோரியா அணைக்கட்டு 1985 ஏப்ரலில் திறக்கப்பட்டது. உயரம் 122 மீற்றர், மின்வலு 210 மெகாவொட். பழைய தெல்தெனிய நகரம் அந்த நீர்த்தேக்கத்துக்குள் போனது. அதே ஆண்டில் 201 மெகாவொட் கொத்மலையும் வந்தது.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு மின்சாரம் கொட்டிக் கிடக்கிறது என்று நினைக்கக் கூடாது. இவை மின் நிலையங்களின் உச்ச வலு. மழையின் அளவு வேறு. மழை தவறிய மாதங்களில் நிலக்கரியும் எண்ணெயும் எரித்துத்தான் நாடு ஓடுகிறது. 2022 மார்ச் இறுதியில் எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்ததை யாரும் மறக்கவில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியது. பிறகு சில தடவைகள் குறைந்து, 2025 ஜனவரியில் 20 சதவீதம் இறங்கி, அதே ஆண்டு ஜூனில் மீண்டும் 15 சதவீதம் கூடியது. கட்டணம் இப்படி ஏறி இறங்கும் நாட்டில் ஐந்தாண்டுக்கு மைனிங் திட்டம் போடுவது மிகவும் கடினம்.

உலகில் பிட்கொயின் மைனிங் ஆண்டுக்கு எடுக்கும் மின்சாரத்தைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 இல் ஏறக்குறைய 138 டெராவொட் மணி என்று மதிப்பிட்டார்கள். இலங்கை முழுவதும் ஓராண்டில் உற்பத்தி செய்வதைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு. இவ்வளவு பசியுள்ள ஒரு தொழிலை எண்ணெய் எரித்து மின்சாரம் தயாரிக்கும் நேரத்தில் உள்ளே விட்டால், டொலர் சம்பாதிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு டொலரை எரிப்பதில்தான் முடியும்.

இதன் மறுபக்கமும் உண்மையானது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கொன்று சிக்கியதைத் தொடர்ந்து நாடே இருளில் மூழ்கியது. குரங்கு ஒரு காரணம்தான். அன்று பகலில் மின்தேவை குறைவாகவும் சூரிய மின்சாரம் அதிகமாகவும் இருந்ததால் வலையமைப்பு அதிர்ச்சியைத் தாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்துப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியத் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. ஆக, இரவில் மின்சாரம் போதாத இதே நாட்டில் சில பகல்களில் அது வீணாகிறது. வீணாகும் மின்சாரத்துக்கு ஒரு வாடிக்கையாளர் வேண்டும், வேண்டியபோது நிறுத்தக்கூடிய வாடிக்கையாளராகவும் இருக்க வேண்டும் என்றால், மைனிங் இயந்திரம் பொருந்தி வரும். விசையைத் தட்டினால் நின்றுவிடும். எந்த உற்பத்தியும் பாதியில் கெடாது.

இந்த யோசனையை நடைமுறையில் செய்து பார்த்த இடங்கள் உண்டு. நமக்கு மிக நெருக்கமான உதாரணம் ஆபிரிக்காவின் மலாவியில் இருக்கிறது. அங்கே முலஞ்சே மலையடிவாரம், நம் மலையகத்தைப் போலவே தேயிலை விளையும் பகுதி. பொண்டோ என்ற கிராமத்தில் ஓடை நீரை வைத்து மக்களுக்கு மின்சாரம் கொடுக்கும் சிறு நிலையம் ஒன்று உண்டு. கிராமத்து வீடுகள் எடுத்தது போக மிஞ்சும் மின்சாரம் விலைபோகாமல் கிடந்தது. 2022 இல் கென்யாவில் தொடங்கிய கிரிட்லெஸ் நிறுவனம் மைனிங் இயந்திரங்களை அங்கே கொண்டுபோய் வைத்து அந்த மிச்சத்தை வாங்கத் தொடங்கியது. வீடுகளில் பாவனை கூடும்போது இயந்திரங்கள் தாமாக அடங்கிவிடும். கொங்கோவின் விருங்கா தேசியப் பூங்காவும் தன் நீர்மின் நிலையத்தின் மிச்சத்தை 2020 முதல் இப்படிப் பயன்படுத்தியது.

கண்டியைச் சுற்றிய மலைகளிலும் சிறு நீர்மின் நிலையங்கள் இருக்கின்றன. நாடு முழுவதும் இவற்றின் மொத்த வலு சுமார் 400 மெகாவொட். பெரிய நீர்த்தேக்கம் இல்லாமல் ஓடும் தண்ணீரை அப்படியே பயன்படுத்துபவை. தேசிய வலையமைப்பின் கம்பி பழுதாகி லைன் போனால் நிலையமும் நிற்க வேண்டியதுதான். அந்த நேரத்துத் தண்ணீர் சும்மா ஓடிப்போகும். வருமானம் கிடைக்கக்கூடிய மின்சாரம் எங்காவது இருக்கிறது என்றால் அது இங்கேதான். ஆனாலும் இந்த நிலையங்கள் தங்கள் மின்சாரத்தை மின்சார சபைக்கு விற்பதாக நீண்ட கால ஒப்பந்தம் செய்தவை. வேறொருவருக்குத் திருப்பிவிட அவற்றுக்குச் சுதந்திரமில்லை. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் கண்காணிப்பும் உரிமமும் இல்லாமல் இந்த நாட்டில் யாரும் மின்சாரம் தயாரித்து விற்க முடியாது.

தேயிலை ஸ்டோர்களுக்கு இதில் இன்னொரு நன்மை கிடைக்கலாம். கொழுந்து வாட்டும் மாடத்தில் நீண்ட தொட்டிகளின் அடியிலிருந்து பெரிய விசிறிகள் மணிக்கணக்காகக் காற்றை ஊதுகின்றன. மழை நாட்களில் கொழுந்து ஈரமாக வரும். அப்போது சூடான காற்று வேண்டும், அதற்கு விறகு எரிக்கிறார்கள். 30 மைனிங் பெட்டிகள் 100 கிலோவொட்டுக்கு மேல் வெப்பத்தை, அதுவும் ஊதும் காற்றாகவே, வெளியே தள்ளும். பின்லாந்தில் இப்படி வரும் வெப்பத்தைக் கொண்டு குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்குகிறார்கள். அங்கே வீட்டுக்குப் போகும் வெப்பம் இங்கே கொழுந்து மாடத்துக்குப் போனால் விறகுச் செலவு குறையும். பேராதனைப் பொறியியல் பீட மாணவர்கள் ஆய்வாக எடுத்துச் செய்து பார்க்க ஏற்ற விஷயம். சிறிய அளவில், ஒரே ஒரு தொட்டியில் செய்து பார்த்தாலே பல கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

நீர்மின்சாரத்தை நம்பிப் பெரிதாக இறங்கிய நாடு பூட்டான். எட்டு இலட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை, ஆறுகளோ ஏராளம். அரசின் முதலீட்டு நிறுவனமான ட்ருக் ஹோல்டிங் சில ஆண்டுகள் சத்தமில்லாமல் மைனிங் செய்தது 2023 இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. 2024 செப்டெம்பரில் அதன் கையிருப்பு 13,000 பிட்கொயின் அளவில் இருந்தது. அரசு ஊழியர்களின் சம்பள உயர்வுக்குக்கூட அதில் ஒரு பகுதி உதவியது. கேட்க நன்றாக இருக்கிறது. அதற்குக் கொடுத்த விலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இயந்திரங்களை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி பெருமளவில் வெளியே போய், நாட்டின் நடைமுறைக் கணக்குப் பற்றாக்குறை விரிந்தது. குளிர்காலத்தில் ஆறுகள் வற்றும்போது பூட்டானே இந்தியாவிடமிருந்து மின்சாரம் வாங்குகிறது. 2022 இல் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்ற இலங்கை, அந்த அளவுக்குத் துணிவது புத்தியான காரியம் ஆகாது.

மற்ற நாடுகளின் அனுபவமும் எச்சரிக்கைதான். ஈரான் 2021 கோடையில் மின்வெட்டு தாங்காமல் மைனிங்கை நான்கு மாதம் நிறுத்தியது. கொசோவோ 2022 ஜனவரியில் முற்றாகத் தடைசெய்தது. சீனா 2021 இல் தொழிலையே நாட்டைவிட்டு விரட்டியது. மலேசியாவில் களவு மின்சாரத்தில் ஓடிய 1,069 இயந்திரங்களை, சரவாக் மாநிலத்தின் மிரி நகரில் பொலிசார் 2021 ஜூலையில் றோட்டு உருளையை ஏற்றி நசுக்கினார்கள்.

கண்டியில் இன்னொரு கேள்வியையும் தவிர்க்க முடியாது: ஆறு யாருக்கு? மகாவலியின் தண்ணீர் குடிப்பதற்கும் வயலுக்கும் போன பிறகுதான் மின்சாரத்துக்கு. எப்போது எவ்வளவு திறப்பது என்பதை மகாவலி நீர் முகாமைத்துவச் செயலகம் பல தரப்பையும் கேட்டுத் தீர்மானிக்கிறது. 2023 ஓகஸ்டில் வறட்சியில் பயிர் கருகிய உடவளவை விவசாயிகள் சமனலவெவ நீர்த்தேக்கத்தின் நீரைக் கேட்டுப் போராடியபோது, திறந்தால் தென்மாகாணத்தில் மின்வெட்டு வரும் என்று மின்சார சபை அஞ்சியது. கடைசியில் அமைச்சரவை தண்ணீரைத் திறக்க முடிவுசெய்தது. நெல்லுக்கும் விளக்குக்கும் இடையிலேயே இவ்வளவு இழுபறி என்றால், நாணயம் எடுக்கும் இயந்திரத்துக்கு அந்த வரிசையில் கடைசி இடம்தான் கொடுக்க முடியும்.

வேலைவாய்ப்பு என்று பார்த்தாலும் இது ஏமாற்றமே. ஒரு மெகாவொட் மின்சாரத்தில் ஏறக்குறைய 280 எஸ்21 பெட்டிகள் ஓடும். அவற்றைப் பார்த்துக்கொள்ள விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் போதும். பல்லேகல கைத்தொழில் வலயத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்று அதே மின்சாரத்தைக் கொண்டு எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடும்.

இயற்கையின் பக்கத்தையும் மறந்துவிட முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைத் தாக்கியதில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கண்டி மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. மண்சரிவில் வீடுகள் புதைந்தன, வீதிகள் அறுந்தன, மின்சாரமும் தொலைத்தொடர்பும் நின்றன. சரிவான நிலத்தில் ஓடையோரம் மைனிங் பெட்டிகள் அடங்கிய கொள்கலனை வைத்து இலட்சக்கணக்கில் முதல் போடுகிறவர், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தைப் பார்க்காமல் ஓர் ஆணியும் அடிக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கை மத்திய வங்கி 2018 முதல் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. கிரிப்டோ நாணயத் திட்டம் எதையும் நடத்த யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்றும், நாணய வெளியீடு, மைனிங், பரிமாற்ற நிலையம் எதற்கும் அங்கீகாரம் வழங்கவில்லை என்றும் அதன் அறிவித்தல்கள் தெளிவாகச் சொல்கின்றன. வங்கியின் டெபிட், கிரெடிட் கார்டுகளைக் கிரிப்டோ கொடுக்கல் வாங்கலுக்குப் பயன்படுத்த 2021 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிப் பணிப்புரை இடம் கொடுக்கவில்லை. 2021 ஒக்டோபரில் டிஜிட்டல் வங்கி, புளொக்செயின், கிரிப்டோ மைனிங் ஆகியவற்றை ஆராய அமைச்சரவை ஒரு குழுவை அமைக்க இணங்கியது. அடுத்த ஆண்டு பொருளாதாரமே சரிந்தது. 2022 டிசம்பரில் அமெரிக்க முதலீட்டாளர் டிம் டிரேப்பர் கொழும்புக்கு வந்து பிட்கொயினை ஏற்கும்படி சொன்னபோது, மத்திய வங்கி ஆளுநர் நந்தலால் வீரசிங்க அதை ஏற்கவில்லை. நெருக்கடியில் இருக்கும் நாட்டை இன்னும் ஆழத்தில் தள்ள அவர் விரும்பவில்லை. அன்றைய நிலைமையில் அவர் எடுத்த முடிவு சரியானது.

இதன் நடைமுறை விளைவு இதுதான். ஒருவர் எப்படியோ பிட்கொயின் எடுத்துவிட்டாலும், அதை ரூபாயாக்க இங்கே மத்திய வங்கி அனுமதித்த பரிமாற்ற நிலையம் இல்லை. முன்பின் தெரியாத ஒருவருக்கு இணையத்தில் விற்று, அவர் வங்கிக் கணக்கில் போடும் பணத்தை வாங்க வேண்டும். அந்தப் பணம் வேறொருவரை ஏமாற்றிப் பெற்றதாக இருந்தால் விசாரணை விற்றவரின் வாசலுக்குத்தான் வரும்.

இவ்வளவு தடைகள் இருப்பதால் உண்மையான மைனிங் கண்டியில் வேரூன்றுவது கடினம். மைனிங் என்ற பெயரைச் சொல்லி நடக்கும் மோசடிக்கோ இயந்திரமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஒரு வாட்ஸ்அப் குழுவும் ஹோட்டல் மண்டபத்தில் ஒரு கூட்டமும் போதும். இந்தியாவில் கெயின்பிட்கொயின் என்ற திட்டம், வெளிநாட்டில் மைனிங் நடக்கிறது என்று சொல்லி மாதம் 10 சதவீத இலாபம் தருவதாக ஆயிரக்கணக்கானோரிடம் பணம் திரட்டியது. அமெரிக்காவில் வழக்கில் சிக்கிய பிட்கிளப் நெட்வர்க், மைனிங் பூலில் பங்கு தருகிறோம் என்று 72 கோடி டொலருக்கு மேல் வாரிச் சுருட்டியது. இலங்கையிலும் ஒன்மெக்ஸ் டிரி, எம்ரிஎப்ஈ போன்ற திட்டங்களை மத்திய வங்கி 2023 இல் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களாகப் பெயர் குறித்து அறிவித்தது. அவற்றில் பணம் போட்டவர்களில் பெரும்பாலானவர்கள் பெரிய முதலாளிகள் அல்லர். நகையை அடகு வைத்தவர்கள், வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய காசைப் போட்டவர்கள்.

பொறியியல் தெரிந்த இளைஞர்கள் மைனிங்கைப் படிக்கட்டும், மாதிரி செய்து பார்க்கட்டும். சிறு நீர்மின் நிலையங்களின் மிச்ச மின்சாரத்தை என்ன செய்யலாம் என்று அரசிடம் வெளிப்படையாகத் திட்டம் கொண்டுபோகட்டும். பணிப்புரைகளை வகுக்க வேண்டியவர்களும் தடை என்ற ஒரு வரியோடு நிற்காமல், வீணாகும் மின்சாரம் எவ்வளவு, எங்கே, எந்த நேரத்தில் என்ற கணக்கைப் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும். சாதாரணக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். மைனிங் பக்கேஜ் என்று சொல்லி யாராவது, உறவினராகவே இருந்தாலும், பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தத் திட்டத்தின் பெயர் மத்திய வங்கியின் தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று வங்கியின் இணையத்தளத்தில் பாருங்கள். பட்டியலில் இல்லாவிட்டாலும் கொடுக்காதீர்கள், ஏனென்றால் அனுமதி பெற்ற மைனிங் திட்டம் என்று எதற்கும் மத்திய வங்கி இங்கே அங்கீகாரம் கொடுத்ததில்லை.